பாக் நீரிணை கடந்த தமிழ் ஒலி, ஒளிபரப்பு

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடல், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலமே கொண்டது. இரு கரைகளிலும் தமிழ் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் இரு கரைகளின் வானொலியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு அரசுகளின் கையில் இருந்தன. தன் நாட்டு நிலையம் தராததை அடுத்த நாட்டு நிலையத்தில் கேட்பதும் பார்ப்பதும் 1950களிலிருந்து 1990கள் வரை இங்கே இயல்பான வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தின் வரலாறும், இந்தக் கடலோரத்தில் சுதந்திரமான ஒளிபரப்புக்கு நடந்த முயற்சிகளும் இக்கட்டுரையின் பொருள்.

இலங்கை வானொலி

கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய வானொலி நிலையங்களில் அது ஒன்று. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகள் கொழும்பில் நிறுவிய ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயர் வந்தது. 1950இல் விளம்பரங்களுடன் கூடிய வர்த்தக சேவை தொடங்கியது.

இதன் வளர்ச்சிக்கு இந்திய அரசின் கொள்கையே பெரிய காரணமாயிற்று. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். செவ்வியல் இசையால் மக்களின் ரசனையை உயர்த்த வேண்டும் என்பது அவர் எண்ணம். நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். இந்தியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' புகழ்பெற்றது போலவே, தமிழில் எஸ்.பி. மயில்வாகனம், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் பழகிய குரல்களாயின. பிறந்தநாள் வாழ்த்து, நீங்கள் கேட்டவை, இசையும் கதையும் போன்ற நிகழ்ச்சிகளுக்கு இக்கரையிலிருந்தும் கடிதங்கள் சென்றன. இழந்த நேயர்களை மீட்க இந்தியா 1957 அக்டோபர் 3 அன்று 'விவித் பாரதி' சேவையைத் தொடங்கியது. தடை செய்யப்பட்ட பாடல்கள் ஐந்தே ஆண்டுகளில் அரசு வானொலிக்கே திரும்பி வந்தன.

ஐ.டி.என்.: 53 நாள் தனியார் தொலைக்காட்சி

இலங்கையில் தொலைக்காட்சியைத் தொடங்கியவர்கள் தனியார். ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன ஆகியோரின் முயற்சியில் 'இண்டிபெண்டண்ட் டெலிவிஷன் நெட்வொர்க்' 1979 ஏப்ரல் 13 அன்று, சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழில் இது 'சுயாதீன தொலைக்காட்சி' என்று அழைக்கப்படுகிறது. கொழும்புக்கு அருகில் பன்னிப்பிட்டியில் நிறுவப்பட்ட சிறிய ஒளிபரப்பி, தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. அப்போது இந்தியாவில் தொலைக்காட்சி முழுவதும் அரசின் கையில் இருந்தது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15 முதல் இயங்கி வந்தது.

1979 ஜூன் 5 அன்று ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு ஐ.டி.என்.ஐக் கையகப்படுத்தியது. தொடங்கிய 53ஆம் நாளில் அது அரசு நிலையமாயிற்று. பொருளாதாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்ட அதே அரசு, தொலைக்காட்சியை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பியது. பெயரில் இருந்த 'சுயாதீன' என்ற சொல் மாறவில்லை. 1992இல் அது அரசுக்குச் சொந்தமான நிறுவனமாக மாற்றப்பட்டது. ஷான் விக்கிரமசிங்க 1993இல் டி.என்.எல். என்ற புதிய தனியார் நிலையத்துடன் மீண்டும் வந்தார்.

ரூபவாஹினியும் தமிழ்நாட்டு ஆண்டெனாக்களும்

ஜப்பானின் உதவியுடன் அமைந்த தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி, 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை (2,524 மீட்டர்) அதன் முதன்மை ஒளிபரப்புத் தளம். அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலைகள் நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் எட்டும். இராமேசுவரம் அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர், தூத்துக்குடி 350 கிலோமீட்டர், இராயபுரம் 675 கிலோமீட்டருக்கும் மேல். ஆயினும் இந்த ஊர்களில் படம் கிடைத்ததற்குக் காரணம் கடல். வெப்பக் காலத்தில் கடல்பரப்புக்கு மேலே குளிர்ந்த ஈரக் காற்றும் அதன்மீது சூடான உலர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலைகள் மேலே தப்பிச் செல்லாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து நெடுந்தூரம் பயணம் செய்யும்.

தென்மாவட்டக் கடற்கரை ஊர்களில் உயரமான குழாய்களில் ஆண்டெனா கட்டி, 'பூஸ்டர்' பொருத்தி ரூபவாஹினி பார்த்தார்கள். தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளுக்குச் சென்னை தூர்தர்ஷன் எட்டாத காலத்தில், பலர் வீட்டில் முதலில் பார்த்த தொலைக்காட்சியே அதுதான். வடசென்னை உட்பட சென்னையின் கடற்கரைப் பகுதிகளில் வானிலை ஒத்துழைத்த நாட்களில் மட்டும் படம் வந்தது. மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே இருப்பவர் 'தெரியுது' என்று குரல் கொடுப்பது அக்காலத்துப் பழக்கம். துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார், வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாக அப்போது விளங்கியது.

ரூபவாஹினியில் பெரும்பகுதி சிங்களம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் குறைந்த நேரமே. 1982 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்ஷன் தில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சியை அஞ்சல் செய்யத் தொடங்கியபின், சென்னையிலும் இரவு நேரத்தின் முக்கியப் பகுதி இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போயிற்று. இரு அரசு நிலையங்களிலும் தமிழுக்கு ஒரு பங்கே கிடைத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால்

இந்தப் பார்வை ஒருவழிப் பாதை அல்ல. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் ஆற்றல் மிக்க ஒளிபரப்பி அமைந்தபின், யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்ப்பது வழக்கமாயிற்று. போர் அங்கு ஒளிபரப்பையும் விட்டுவைக்கவில்லை. விடுதலைப் புலிகள் நடத்திய 'நிதர்சனம்' தொலைக்காட்சி, 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையுடன் போர் மூண்டபோது நின்றது. வடக்குக்கான ரூபவாஹினி அஞ்சல் நிலையம் இருந்த கொக்காவில் முகாம் 1990 ஜூலையில் புலிகளிடம் வீழ்ந்தது. அங்கே புதிய கோபுரம் 2011இல்தான் எழுந்தது.

செயற்கைக்கோள் காலம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியபோது இந்தப் புவியியல் மாறியது. செயற்கைக்கோளுக்கு மலையின் உயரமும் கடலின் வானிலையும் பொருட்டல்ல. இலங்கை வானொலியில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்திய அப்துல் ஹமீத், அதே நிகழ்ச்சியைச் சன் டிவியில் நடத்தினார். இலங்கையில் மகாராஜா நிறுவனத்தின் சக்தி டிவி 1998இல் தனியார் தமிழ் நிலையமாக வந்தது. ஐ.டி.என். நிறுவனம் 2009இல் 'வசந்தம் டிவி' என்ற தமிழ் அலைவரிசையைத் தொடங்கியது.

சட்டமும் மாறியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும் அவற்றில் அரசு ஏகபோகம் கொள்ள முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 1997இல், தனியார் நிலையங்களை அரசு சார்ந்த அதிகார சபையின்கீழ் கொண்டுவர முயன்ற ஒளிபரப்பு மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறியது.

ஓர் ஒப்பீடு

இதற்கு ஒப்பான வரலாறு அமெரிக்க-மெக்சிகோ எல்லைப் பகுதியில் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ரவுல் கோர்டெஸ் 1955இல் தொடங்கிய 'கே.சி.ஓ.ஆர்.', அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக்கென இயங்கிய முதல் தொலைக்காட்சி நிலையம். அது யு.எச்.எப். அலைவரிசையில் இயங்கியதால் பெரும்பாலான பெட்டிகளில் தனிக் கருவி பொருத்தாமல் தெரியவில்லை. நட்டத்தில் கைமாறிய அந்நிலையம், பின்னர் வளர்ந்த 'யுனிவிஷன்' வலையமைப்பின் வேராயிற்று. கோர்டெஸுக்குத் தடையாக நின்றவை தொழில்நுட்பமும் விளம்பர வருவாயும். கொழும்பில் ஐ.டி.என்.ஐ எடுத்துக்கொண்டது அரசு.

மதிப்பீடு

பாக் நீரிணையின் இரு கரைகளிலும் நேயர்கள் அரசின் திட்டப்படி நடக்கவில்லை. பாடல் தடை கொழும்பு வானொலியை வளர்த்தது. தமிழுக்கு நேரம் குறைந்தபோது ஆண்டெனாக்கள் உயர்ந்தன. ஆனால் அடுத்த நாட்டு நிலையத்தைப் பார்க்க முடிந்ததே தவிர, அங்கே தம் செய்தியைச் சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் சென்னைப் பாடல் ஒலித்தது; யாழ்ப்பாணத்து நிலைமை அந்தத் திரையில் தில்லி அனுமதித்த அளவே தெரிந்தது. மக்களின் மொழியில் பேசும் நிலையமும் அம்மக்களுக்காகப் பேசும் நிலையமும் ஒன்றல்ல என்பதை இந்த நாற்பதாண்டு வரலாறு காட்டுகிறது.