காப்புறுதி நாட்டமும் ஆட்சிமுறையும்: இலங்கை

காப்புறுதி என்பது இன்று பணத்தைப் பெற்றுக்கொண்டு, பத்தாண்டோ முப்பதாண்டோ கழித்து நிறைவேற்றுவதாகக் கொடுக்கப்படும் வாக்காதலின், அதில் மக்கள் கொள்ளும் நாட்டம் அவர்தம் வருமானத்தை மட்டுமன்றி, அவ்வாக்கைக் காக்கவேண்டிய சட்டம், நீதிமன்றம், நாணயம், நிர்வாகம் ஆகியவற்றின்மேல் அவர்களுக்குள்ள விசுவாசத்தையும் பொறுத்தது. வளர்முக நாடுகளின் ஆயுட் காப்புறுதியை ஆராய்ந்த அவுட்ரெவில், பணவீக்கமும் ஏகபோகமும் அதன் வளர்ச்சியைத் தடுப்பதாக 1996இல் எழுதினார். 2003இல் பெக், வெப் என்னும் இருவர் 68 நாடுகளை ஒப்புநோக்கி, பணவீக்கம், வங்கித்துறையின் வளர்ச்சி முதலியவற்றின் செல்வாக்கை உறுதி செய்தனர். காப்புறுதிக் கட்டண வருமானம் இலங்கையில் தேசிய உற்பத்தியின் ஏறத்தாழ 1 சதவீதமே. அயலிலுள்ள இந்தியாவில் அது ஏறத்தாழ 4 சதவீதம். இவ்வேறுபாட்டை மக்களின் அறியாமையின்மேல் ஏற்றிச் சொல்வது வழக்கமாயினும், கண்டி நகருக்குத் தெற்கே எழும் ஹந்தானை மலைச்சாரலின் தோட்டத் தொழிலாளர் சரித்திரம் வேறொரு காரணத்தைக் காட்டுகிறது.

தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் 1854இல் தோன்றிய காலத்தில், காப்புறுதி கொழும்பு முகவர் நிறுவனங்களின் வழியே நடந்த அந்நிய வியாபாரமாக இருந்தது. சரக்கும் கப்பலும் காக்கப்பட்டன, கூலியாளின் உயிர் அக்கணக்கில் சேரவில்லை. கோப்பிச் செடியை நோய் அழித்தபின் 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது, அதன் நோட்டுகளுக்கு அரசாங்கமே பிணையென்று தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அறிவித்ததனால் பீதி தணிந்தது. ஆட்சியின் வாக்கு ஒரு தனியார் ஸ்தாபனத்தின் வாக்கைத் தாங்கி நிறுத்திய முன்னுதாரணம் இது. தோட்டத் தொழிலாளிக்கோ அக்காலத்தில் கிடைத்த பத்திரம், அவன் கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் என்று எழுதிய 'துண்டு' ஒன்றே. 1921இல் அது ஒழிக்கப்படும் வரை, எழுத்திலிருந்த ஒப்பந்தம் அவனுக்குப் பாதுகாப்பாக அல்ல, தளையாகவே இருந்தது.

சுதந்திரத்தை அடுத்து வந்த 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகள் தீர்மானமின்றிக் கிடந்தது. அடுத்த பொங்கல் ஹந்தானைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பிலா, தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையிலா என்றறியாத குடும்பத்தலைவன் ஒருவன் இருபதாண்டு ஆயுட் காப்புறுதி எடுத்திருப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? நாட்டம் குறைந்தது அவன் மனத்தால் அன்று; எதிர்காலத்தை அரசே அவனிடமிருந்து எடுத்துவிட்டதனால்.

இதே காலத்தில் நாட்டின் காப்புறுதித் தொழில் தேசியமயமாயிற்று. 1947ஆம் ஆண்டு அரசாங்க எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்தின் தலைவர்களுள் ஒருவரும், அவ்வாண்டே கண்டித் தொகுதியில் வென்றவருமான டி. பி. இலங்கரத்ன அமைச்சராயிருந்து, 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை நிறுவினார். 1962இல் ஆயுட் காப்புறுதியும் 1964இல் பொதுக் காப்புறுதியும் அதன் ஏகபோகமாயின. நாட்டின் சேமிப்பு அந்நியருக்குப் போகாது நின்றது பெரும் நன்மையே. ஆயினும் போட்டியற்ற ஸ்தாபனத்துக்கு மலையேறிச் சென்று சிறுதொகையினரைத் தேடும் தூண்டுதல் இருக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். 1980களின் பிற்பாதியில் தனியார் கம்பனிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் அவற்றைக் கண்காணிக்கச் சபை ஒன்றை அமைத்தது. கூட்டுத்தாபனம் 2003இல் விற்கப்பட்டு, அவ்விற்பனை முறைகேடானதென்று 2009 ஜூனில் உயர்நீதிமன்றத்தால் இரத்துச் செய்யப்பட்டு, மீண்டும் அரசுடைமையாயிற்று. நீதிமன்றத்தின் வலிமையையும் நிர்வாகத்தின் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் இந்நிகழ்ச்சி, ஆட்சியென்பது ஒற்றைப் பொருளன்று என்பதை ஆராய்ச்சியாளர் மறவாதிருக்க உதவும்.

ஹந்தானையில் ஆட்சியை மக்கள் அளந்தறிவது சம்பளச் சீட்டில். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. இன்றைய விதிப்படி தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்தவேண்டும். ஹந்தானைத் தோட்டம் உள்ளிட்ட பல கண்டிப்புறத் தோட்டங்கள், 1992இல் பிறவற்றைக் கம்பனிகள் ஏற்றபின்பும், அரசின் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழேயே நின்றன. அச்சபையின் சேமலாப நிதி நிலுவையும் சேவைக்காலப் பணத்தின் நிலுவையும் பாராளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டவை. சம்பளத்திலிருந்து கழித்த காசு நிதியத்தைச் சேரவில்லையென்று கேள்விப்பட்ட குடும்பத்தாரிடம், அறியாத கம்பனியொன்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டுமாறு எந்த முகவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே சம்பளச் சீட்டில் மரண உதவிச் சங்கத்துக்கும் கழிவு உண்டு. அதைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. லயத்தில் ஒரு சாவு நேர்ந்தால், பெட்டிக்கும் பந்தலுக்கும் கடன் தேடி அலையுமுன், சங்கச் செயலாளர் கொப்பியுடன் வந்து தொகையை எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிப் போவார். இடரைப் பங்கிடும் பழக்கம் இம்மக்களிடம் நன்கு வேரூன்றியுள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தாழ்நிலத்து உழவரின் அனுபவமும் இதனோடு ஒக்கும்: 1987இல் தொடங்கிய கமக்காரர் ஓய்வூதியம் நிதி வற்றி 2012இல் நின்று, 2014இலேயே மீண்டும் வழங்கப்பட்டது. 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாது நின்று பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியபோது, பல்லாண்டு கட்டிய ஆயுட் காப்புறுதித் தொகையின் பெறுமதியும் பெரிதும் தேய்ந்தது.

சொத்துக் காப்புறுதியில் தடை இன்னும் வெளிப்படையானது. காப்புறுதி செய்பவனுக்கு அப்பொருளில் உரித்திருக்கவேண்டுமென்பது காப்புறுதிச் சட்டத்தின் முதல் நியதி. லயத்து அறையான லயன் காம்பராவோ தோட்டத்துக்குரியது. பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களை அங்கிருந்து பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்தும் பொறுப்பை எவரும் நிறைவேற்றவில்லை. 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வாயிலாக அனர்த்தக் காப்புறுதித் திட்டமொன்று வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் உறுதிப்பத்திரமும் தரும் வீடமைப்புத் திட்டங்களும் தொடங்கின. உறுதி கையில் வந்த குடும்பம் தன் சுவரைத் தன் பெயரிலேயே காப்புறுதி செய்யலாம். ஆயினும் தோட்டத் தமிழரில் மிகப் பலர் இன்றும் லயங்களிலேயே குடியிருக்கின்றனர்.