திருக்காட்சித் திருநாள்: வாசலில் நிற்பவர் யார்?



கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, சனவரி 6ஆம் நாளில் கிறிஸ்தவர்கள் இன்னொரு திருநாளைக் கொண்டாடுகின்றனர். தமிழில் அதற்குத் 'திருக்காட்சிப் பெருவிழா' என்று பெயர். நம் பாட்டன் பாட்டிமார் காலத்துக் கத்தோலிக்கர் 'மூன்று இராசாக்கள் திருநாள்' என்றே அழைத்தனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்நாள் பொது விடுமுறை அன்று. ஆகவே 1969ஆம் ஆண்டின் வழிபாட்டு நாள்காட்டிச் சீர்திருத்தத்தின்படி, சனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் இங்குள்ள கத்தோலிக்கப் பங்குகள் இதனைக் கொண்டாடுகின்றன.

நம்மில் பலருக்கு இத்திருநாளைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. குடிலில் மூன்று அரசர் பொம்மைகளை வைப்பார்கள். சில நாள்களில் குடிலைப் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டி வைப்பார்கள். அத்துடன் கிறிஸ்துமஸ் காலம் முடிந்ததென்று எண்ணிக்கொள்வோம். ஆயின், இந்நாளின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்போது, ஒரு பங்குச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இதற்குள் இருப்பது தெரிகிறது. அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

இத்திருநாளின் கிரேக்கப் பெயர் 'எப்பிபனெயா' என்பதாகும். 'வெளிப்படுதல், தோன்றுதல்' என்பது அதன் பொருள். தெய்வம் மனிதர்க்குக் காட்சி தருவதையும், அரசன் ஒரு நகருக்கு எழுந்தருளுவதையும் பழங்காலக் கிரேக்கர் இச்சொல்லால் குறித்தனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் அந்தியோக்கு என்னும் மன்னன், 'எப்பிபனேசு' என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொண்டான். கண்கண்ட தெய்வம் தானே என்பது அவன் எண்ணம். அரசர்களின் ஆடம்பரத்திற்கு உரியதாய் இருந்த ஒரு சொல்லைத்தான் கிறிஸ்தவர்கள் ஏழைத் தாயின் மடியில் கிடந்த குழந்தைக்கு வழங்கினார்கள்.

கிறிஸ்து பிறப்பை திசம்பர் 25இல் கொண்டாடியதற்கான பழைய சான்று உரோமை நகரிலிருந்து, கி.பி. 336ஆம் ஆண்டை ஒட்டிக் கிடைக்கிறது. சனவரித் திருநாளின் சுவடோ அதனினும் பழைமையானது. ஏறத்தாழ கி.பி. 200இல் அலெக்சாந்திரியா நகரின் கிளமெந்து என்னும் அறிஞர், எகிப்தில் ஒரு பிரிவினர் இயேசுவின் திருமுழுக்கு நாளை இரவு முழுவதும் விழித்திருந்து வாசகங்களுடன் கொண்டாடுவதைக் குறிப்பிட்டுள்ளார். அவர் தரும் நாள்களுள் ஒன்று இன்றைய சனவரி 6உடன் பொருந்துகிறது.

நான்காம் நூற்றாண்டில் கிழக்கும் மேற்கும் தங்கள் திருநாள்களைப் பரிமாறிக்கொண்டன. மேற்கின் திசம்பர் 25 கிழக்கிற்குச் சென்றது. கிழக்கின் சனவரி 6 மேற்கிற்கு வந்தது. வந்த இடத்தில் அதன் பொருள் சற்று மாறியது. கிழக்கில் அது பெரிதும் யோர்தான் ஆற்றுத் திருமுழுக்கின் நாள். மேற்கில் அது விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகளின் நாள். அர்மீனியத் திருச்சபை மட்டும் இன்றளவும் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்தே சனவரி 6இல் கொண்டாடி வருகிறது.

மூவரா? அரசர்களா?

ஞானிகளின் கதை மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் மட்டுமே உள்ளது. அதனை ஒருமுறை கூர்ந்து படித்துப் பாருங்கள். அவர்கள் மூவர் என்று அங்கே இல்லை. அரசர்கள் என்றும் இல்லை. பெயர்களும் இல்லை! கிரேக்க மூலத்தில் இருப்பது 'மாகோய்' என்னும் சொல். அது பாரசீகத்தின் குருகுலத்தாரையும் வானநூல் வல்லாரையும் குறிக்கும். பழைய தமிழ் வேதாகமம் இதனைச் 'சாஸ்திரிகள்' என்று பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'ஞானிகள்' என்று உள்ளது.

காணிக்கைகள் மூன்றாக இருந்ததால் வந்தவர்களும் மூவர் என்று பிற்காலத்தார் முடிவு கட்டினர். உரோமையின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் ஓரிடத்தில் இருவரும், மற்றோரிடத்தில் நால்வருமாக அவர்கள் காட்சியளிக்கிறார்கள். சிரியக் கிறிஸ்தவ மரபில் பன்னிருவர் என்றும் சொல்வதுண்டு. அயல்நாட்டு மன்னர்கள் காணிக்கை கொண்டு வருவதைப் பாடும் 72ஆம் திருப்பாடலும் எசாயா நூலின் 60ஆம் அதிகாரமும் அவர்களுக்கு முடி சூட்டிவிட்டன. இத்தாலியின் இராவென்னா நகரில், ஆறாம் நூற்றாண்டின் வண்ணக்கல் ஓவியம் ஒன்றில் பல்த்தசார், மெல்கியோர், கஸ்பார் என்னும் பெயர்களைக் காணலாம். 1164இல் அவர்களுடையவை என்று நம்பப்பட்ட திருப்பண்டங்கள் மிலான் நகரிலிருந்து செருமனியின் கொலோன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றைக் காண வந்த திருப்பயணிகளின் கூட்டம் பெருகவே, 1248இல் அங்கே ஒரு பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். அது கட்டி முடிந்ததோ 1880இல்!

இடைக்கால ஓவியர்கள் இன்னொன்றும் செய்தனர். மூவரில் ஒருவரை இளைஞராகவும், ஒருவரை நடுவயதினராகவும், ஒருவரை முதியவராகவும் தீட்டினர். பின்னர் பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஒருவரைக் கருநிற ஆப்பிரிக்கராகத் தீட்டும் வழக்கமும் பரவியது. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என அவர்கள் அன்று அறிந்திருந்த உலகம் முழுவதும் அக்குழந்தையின் முன் நிற்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து. வரலாற்றுச் செய்தியாக இவை உறுதியானவை அல்ல. ஆயினும், மக்கள் இத்திருநாளை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கு இவையே நல்ல சான்று.

அறிந்தவர்களும் நடந்தவர்களும்

ஆசிரியர் என்ற முறையில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைப்பது இக்கதையின் நடுப்பகுதி. மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது மன்னன் கேட்டபோது, தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் தயக்கமின்றிப் பெத்லகேம் என்று விடை கூறினர். மீக்கா இறைவாக்கினரின் நூலிலிருந்து மேற்கோளும் காட்டினர். தேர்வாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம். எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. அவர்களில் ஒருவராவது அங்கே சென்றதாக நற்செய்தி கூறவில்லை. தொலைநாட்டிலிருந்து, வேற்றுமொழி பேசி, வேற்று வழிபாட்டில் வளர்ந்து வந்தவர்கள்தாம் நடந்தார்கள்; கண்டார்கள்.

உள்ளே இருந்தவர்க்குச் செய்தி தெரியும். வெளியே இருந்து வந்தவர்க்குக் காட்சி கிடைத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமையின் ஆயராக இருந்த பெரிய லியோ இத்திருநாளுக்கென ஆற்றிய மறையுரைகள் எட்டு நமக்குக் கிடைத்துள்ளன. எல்லா இனத்தாருக்குமான அழைப்பு அந்த ஞானிகளில் தொடங்கியது என்பதே அவற்றில் அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் கருத்து.

அவருக்குச் சற்று முந்தியவர் வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தீனார். அவர் காலத்தில் அங்கே 'தொனாத்தியர்' என்னும் பிரிவினர், தூய திருச்சபை தாங்கள் மட்டுமே என்று கூறித் தனித்து நின்றனர். அவர்கள் இத்திருநாளைக் கொண்டாடுவதில்லை. அகுஸ்தீனார் தம் மறையுரையில் இதனைக் குறிப்பிட்டு, அவர்கள் ஒற்றுமையை விரும்பாதவர்கள், விண்மீன் தோன்றிய கிழக்குத் திருச்சபையோடு உறவு கொள்ளாதவர்கள், ஆகவே இந்நாள் அவர்களுக்கு வேண்டாததாயிற்று என்று வாதிடுகிறார். எண்ணிப் பாருங்கள், தன்னைப் பூட்டிக்கொண்ட சபையால் திருக்காட்சியைக் கொண்டாட முடியாது என்பதல்லவா இதன் பொருள்!

எருசலேமில் ஓர் இரவு

எகேரியா என்னும் பெண்மணி 381க்கும் 384க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் புனித நாட்டிற்குத் திருப்பயணம் செய்து தம் குறிப்புகளை எழுதி வைத்துள்ளார். திருக்காட்சி நாளின் இரவில் மக்கள் பெத்லகேமிலிருந்து எருசலேமுக்கு ஊர்வலமாக வருகின்றனர். துறவியர் கால்நடையாக வருவதால், அவர்களுக்காக எல்லாரும் மெதுவாகவே நடக்கின்றனர். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியத் தொடங்கும் விடியற்காலை வேளையில் நகரை அடைகின்றனர்.

எருசலேம் வழிபாட்டைப் பற்றி அவர் தரும் இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. ஆயர் கிரேக்கத்தில்தான் பேசுவார். சிரிய மொழி மட்டும் அறிந்தவர்க்காக ஒரு குரு அருகில் நின்று அதனை மொழிபெயர்ப்பார். இலத்தீன் மட்டும் அறிந்தவர்க்கும் விளக்கம் சொல்ல ஆள்கள் இருந்தனர். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பங்கில் மும்மொழி வழிபாடு! மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று ஞாயிறு திருப்பலி அட்டவணை போடும் நம் நாட்டுப் பங்குத்தந்தையர்க்கு இது வியப்பாக இராது.

நீரும் விளக்கும் வெண்கட்டியும்

பங்கு மக்கள் இந்நாளை எவ்வாறு வாழ்ந்து காட்டினர் என்பதைப் பார்த்தால், எல்லா வழக்கங்களும் கோயிலைவிட்டு வெளியே நடப்பதைக் காணலாம். எத்தியோப்பியாவில் 'திம்கத்' என்னும் பெயரில் இது சனவரி 19இல் நீர்நிலைக் கரைகளில் நடைபெறுகிறது. யுனெஸ்கோ இதனை 2019இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் இதனைச் சிரிய மொழியில் 'தனஹா' என்பர். உதயம் என்று பொருள். சில ஊர்களில் இரவில் ஆற்றில் நீராடுவதால் 'ராக்குளி' என்றும், வேறு சில ஊர்களில் வாழைத்தண்டை வீட்டு முற்றத்தில் நட்டு அதில் விளக்கேற்றுவதால் 'பிண்டிகுத்தி' என்றும் பெயர். கார்த்திகை விளக்கேற்றும் நமக்கு அந்த முற்றம் அந்நியமாகத் தோன்றாது.

ஐரோப்பாவில் ஆசிரியர்க்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள் இந்நாளில் வீடுவீடாகச் செல்கிறது. கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிதான் அது! குரு அதனை மந்திரித்துக் கொடுக்க, ஆண்டின் எண்ணையும் இடையில் சி, எம், பி ஆகிய எழுத்துகளையும் சிலுவைக் குறிகளையும் வீட்டு வாசல்நிலையில் எழுதுகின்றனர். மூன்று ஞானிகளின் முதலெழுத்துகள் அவை என்பர். 'கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக' என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் என்றும் விளக்குவர். செருமனியில் சிறுவர்கள் அரசர்களைப்போல் வேடமிட்டு, விண்மீனை ஏந்திப் பாடிச் சென்று இதனை எழுதுகின்றனர். உலகின் ஏழைச் சிறுவர்களுக்காக நன்கொடையும் திரட்டுகின்றனர். 1959இல் நாடு தழுவிய அளவில் தொடங்கிய இப்பணியில் இதுவரை நூறு கோடி யூரோவுக்கு மேல் திரண்டுள்ளது. அரசர்க்கு வந்த காணிக்கை அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது.

சாம்பிராணியும் கெமெஞானும்

மீண்டும் அந்த மூன்று காணிக்கைகளுக்கு வருவோம்: பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். ஞானிகள் கொண்டு வந்தது தென் அரேபியாவிலும் ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளிலும் விளையும் நறும்பிசின். மலாய் விவிலியம் அதனைக் 'கெமெஞான்' என்கிறது. கெமெஞான் என்பதோ சுமத்திராக் காடுகளில் கிடைக்கும் வேறொரு மரத்தின் பிசின். தமிழ் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலையில் கமழும் சாம்பிராணியும் பெரும்பாலும் அதுவே. பிழை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் எனக்கு இதில் ஓர் அழகு தெரிகிறது. முன்பின் அறியாத ஒருவர் கொண்டு வந்த காணிக்கைக்கு, ஒவ்வொரு மொழியும் தன் வீட்டு மணத்தையே பெயராகக் கொடுத்து வரவேற்றிருக்கிறது.

வரவேற்கப்பட்டவர்களுள் நாமும் அடக்கம். சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர் தங்களுக்கென்று தனிக் கோயில் இல்லாத காலத்தில், 1870இல் கட்டிய புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கருடன் இணைந்தே வழிபட்டனர். பின்னர் 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் தமிழர்க்காக எழுந்தது. அதாவது, பிறரோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு கூரையின் கீழ்தான் அச்சமூகம் வளர்ந்தது.

இன்று நம் இரு நாட்டுக் கோயில்களின் பின்வரிசைகளில் பிலிப்பீன்சிலிருந்து வந்த பணிப்பெண்களும், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்களும், தமிழகத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த இளைஞர்களும் அமர்ந்திருக்கின்றனர். திருப்பலி முடிந்ததும் தேநீர் அருந்த நாம் நம்மவருடன் கூடி நிற்கிறோம். நம் மொழியைக் காப்பது நம் கடமை. தமிழாசிரியனாகிய நான் அதில் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நம் மொழியைக் காப்பதற்கும் நம் கதவைச் சாத்துவதற்கும் வேறுபாடு உண்டு. எகேரியா கண்ட எருசலேமில் கிரேக்கமும் அழியவில்லை. சிரிய மொழி பேசியவரும் வெளியே நிற்கவில்லை. இடையில் நின்று மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார், அவ்வளவே.

ஆகவே, அடுத்த திருக்காட்சி ஞாயிறன்று குடிலில் மூன்று பொம்மைகளை வைத்துவிட்டு அமைதி கொள்ள வேண்டாம். அப்பொம்மைகள் மூன்றும் அயல்நாட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பின்வரிசையில் தனியே அமர்ந்திருப்பவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டுவருமாறு அவர்களை அனுப்புவோம். பெத்லகேம் எங்கே என்று விடை சொல்லத் தெரிந்தவர்கள் ஏரோதின் அரண்மனையிலும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் எழுந்து நடக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.