பூட்டானின் மகிழ்ச்சிப் பட்டியல்

பூட்டானில் மாவட்டத்தைச் சோங்காக் என்பார்கள். நாட்டில் மொத்தம் இருபது சோங்காக்குகள். 2010ஆம் ஆண்டு எடுத்த மகிழ்ச்சிக் கணக்கெடுப்பில் பாரோ, சர்பாங், டகானா ஆகியவை பட்டியலின் மேல்வரிசையில் நின்றன. தென்கிழக்கு மூலையில் உள்ள சம்த்ருப் ஜோங்கர் கடைசியில் இருந்தது. 2015இல் அடுத்த கணக்கெடுப்பு வந்தது. வடக்கே பனிமலைகளுக்கு இடையில் உள்ள கசாவும், அதோடு பும்தாங்கும் முன்னணிக்கு வந்தன. டகானா மிகத் தாழ்ந்த மதிப்பெண் பெற்ற மாவட்டங்களுள் ஒன்றாகிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தின் வாழ்க்கை இவ்வளவு தலைகீழாக மாறியதா, அல்லது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்கள் மாறியதால் எண் மாறியதா? இதற்கு விடை காண, அந்தக் கணக்கெடுப்பு உருவான விதத்தைப் பார்க்க வேண்டும்.

நாட்டின் மொத்த உற்பத்தியைவிட மக்களின் மகிழ்ச்சி முக்கியம் என்று 1970களில் சொன்னவர் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக். பல ஆண்டுகள் அது ஆட்சியின் நோக்கமாக மட்டுமே இருந்தது. அதை அளக்கும் வழி எதுவும் இல்லை. 1999இல் திம்புவில் பூட்டான் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அளவுகோல் வகுக்கும் வேலை கர்மா உராவின் தலைமையில் இயங்கிய அந்த மையத்திடம் வந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், மக்கள் மகிழ்ச்சியை நாடுவதற்கு ஏற்ற சூழலை உருவாக்குவதை அரசின் கடமையாக்கியது. அதன்பின் அளவுகோல் இல்லாமல் முடியாது என்றாயிற்று.

2006ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய முதல் முயற்சியில் 350 பேரிடம் பேசினார்கள். ஒருவரிடம் பேசி முடிக்கவே ஏழெட்டு மணி நேரம் ஆயிற்று. 2008இல் வினாத்தாளைக் குறுக்கி, 12 மாவட்டங்களில் 950 பேரைச் சந்தித்தார்கள். மாவட்டங்களை ஒப்பிட இந்த எண்ணிக்கை போதாது. 2010இல்தான் இருபது மாவட்டங்களும் உள்ளே வந்தன. அந்த ஆண்டு 7,142 பேரின் விடைகள் கணக்கில் சேர்ந்தன; உரையாடலும் மூன்று மணி நேர அளவுக்குக் குறைந்தது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சபீனா அல்கைரும் பொருளியலாளர் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் வறுமையை அளக்க வகுத்திருந்த முறையைப் பூட்டான் தன் தேவைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. மனநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, இயற்கைச் சூழல், வாழ்க்கைத் தரம் என ஒன்பது துறைகள். அவற்றுக்குள் 33 குறியீடுகள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று ஓர் எல்லை வைக்கப்பட்டது. இவற்றுள் 66 விழுக்காட்டில் நிறைவு பெற்றவர் மகிழ்ச்சியானவர். இந்தக் கணக்குப்படி 2010இல் 40.9 விழுக்காட்டினரும், 2015இல் 43.4 விழுக்காட்டினரும், 2022இல் 48.1 விழுக்காட்டினரும் மகிழ்ச்சியானவர்கள்.

ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவோடு 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை வேறு வழியில் செல்கிறது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில் பயன்படுத்திய ஏணிக் கேள்வியே அதற்கு அடிப்படை: பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஏணியில் உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் இருக்கிறது? அந்த ஒரே விடையை வைத்து 2019இல் 156 நாடுகளில் பூட்டானுக்கு 95ஆம் இடம் தந்தார்கள். மகிழ்ச்சியின் நாடு என்று பெயரெடுத்த பூட்டானுக்கு இவ்வளவு தாழ்ந்த இடமா என்று பலர் வியந்தார்கள். ஆனால் இரண்டு கணக்குகளும் அளப்பது இரண்டு வெவ்வேறு பொருள்களை. ஒன்றைக் கொண்டு மற்றதைப் பொய்யென்று காட்ட முடியாது.

ஏழு லட்சம் மக்கள் உள்ள நாட்டில் ஏழாயிரம் பேரைக் கேட்டால் போதுமா என்ற ஐயம் பொதுவாக எழுவது. போதும். மாதிரியின் நம்பகத்தன்மை பெரும்பாலும் மாதிரியில் உள்ளவர்களின் எண்ணிக்கையையும் அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையையும் பொறுத்தது. நாட்டின் மக்கள்தொகையை மிகச் சிறிதளவே சார்ந்தது. இதில் தேர்ந்தெடுக்கும் முறைக்கே முதலிடம். 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, சுமார் 23 லட்சம் விடைகளைப் பெற்றது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், அட்டை கிடைத்தவர்களில் ஒரு பகுதியினரே திருப்பி அனுப்பியதும் அந்தக் கணக்கைக் கெடுத்தன. இந்தியாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1950இல் தொடங்கிவைத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வேறு பாதையில் சென்றது. எந்தக் கிராமம், எந்த வீடு என்பதை முன்கூட்டியே குலுக்கல் முறையில் முடிவு செய்து, களப்பணியாளரின் விருப்பத்துக்கு இடம் தராமல் நடத்தியது. பூட்டானும் இந்த இரண்டாம் பாதையில்தான் நிற்கிறது. ஆகவே நாடு முழுமைக்கும் அது தரும் எண்ணை நம்பலாம்.

சிக்கல் மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. 7,142ஐ இருபதால் வகுத்தால் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 357 பேர். அத்தனை பேரைக் கேட்டு 41 விழுக்காட்டினர் மகிழ்ச்சியானவர்கள் என்று விடை வந்தால், உண்மை 36க்கும் 46க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்; இருபுறமும் உள்ள இந்த ஐந்து புள்ளியே பிழை எல்லை. ஊர் ஊராக அலைவதைக் குறைக்க ஒரே ஊரில் பலரைக் கேட்பது வழக்கம் என்பதால், நடைமுறையில் இந்த இடைவெளி இன்னும் விரியும். இருபது மாவட்டங்களிலும் மக்கள் சரிசமமாக மகிழ்ச்சியோடு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும், தேர்வின் தற்செயலால் மட்டுமே, முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே பத்துப் புள்ளி அளவுக்கு வேறுபாடு தோன்றும். பட்டியலைப் படிப்பவர் கண்ணுக்கு அது பெரிய ஏற்றத்தாழ்வாகத் தெரியும்.

கசாவின் நிலை இன்னும் நுட்பமானது. 2005 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேரே. மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் ஆட்களைப் பிரித்தால் அங்கே மிகச் சிலரிடமே கேட்க நேரும். சிலரை மட்டும் கேட்கும் இடத்தில் எண் அதிகமாக ஊசலாடும். அதனால்தான் உலகெங்கும் இத்தகைய பட்டியல்களின் உச்சியிலும் அடியிலும் சின்னஞ்சிறு ஊர்கள் அடிக்கடி வந்து நிற்கின்றன. பிரிட்டனில் 2011இல் அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்களின் மனநிறைவை அளக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஏறத்தாழ 1,65,000 பேரின் விடைகளை வெளியிட்டது. அங்கேயும் முதலிடங்களில் பேசப்பட்டவை ஸ்காட்லாந்தின் தீவுகளும் ரட்லாண்ட் என்ற குட்டி மாவட்டமும். அவ்விடங்களில் வாழ்க்கை உண்மையிலேயே அமைதியானதாக இருக்கலாம். ஆனால் எத்தனாவது இடம் என்பதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மாதிரி அங்கே பெரிதாக இல்லை.

பூட்டான் ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பல மாவட்டங்களுக்கு இடையே உறுதியான வரிசை எதுவும் இல்லை என்பது 2010 கணக்கெடுப்பு பற்றிய அவர்களுடைய விளக்கத்திலேயே இருக்கிறது. பிழை எல்லையைக் கழற்றிவிட்டு, பெயர்களை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிய செய்திகளே மக்களைச் சென்றடைந்தன.

ஆளைக் கூட்டினால் பிழை எல்லை சுருங்கும். ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே இல்லாதவர்களுக்கு அந்த வழி உதவாது. 1985 குடியுரிமைச் சட்டமும் 1988இல் தென் மாவட்டங்களில் நடந்த கணக்கெடுப்பும் நேபாளி மொழி பேசும் லோட்ஷாம்பா மக்களில் பலரைக் குடியுரிமை அற்றவர்களாக்கின. 1990களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் அகதி முகாம்களில் இருந்தார்கள். 2007க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் வேறு நாடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். மேல்வரிசையில் இடம்பெற்ற சர்பாங்கும் டகானாவும் தெற்கத்தி மாவட்டங்களே. அங்கே எஞ்சியிருப்பவர்களின் மகிழ்ச்சி கணக்கில் வந்தது. விரட்டப்பட்டவர்களின் துயரத்தை எந்தக் குலுக்கலாலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அந்த மாவட்டங்களின் மதிப்பெண்ணைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாவட்ட வரிசையை விட்டுவிட்டால், இந்தக் கணக்கெடுப்பு சொல்வதில் நம்பத்தக்கவை நிறைய உண்டு. ஆயிரக்கணக்கானவர்களை ஒரு பக்கமும் ஆயிரக்கணக்கானவர்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிடும்போது மாதிரி வலுவாக நிற்கிறது. 2010இல் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மகிழ்ச்சியானவர்கள். பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே. இது தற்செயலால் வரக்கூடிய இடைவெளி இல்லை. 2010க்கும் 2015க்கும் இடையில் வாழ்க்கை வசதிகள் கூடியதும், அதே காலத்தில் மனநலமும் சமூகத்தோடு ஒட்டி வாழும் உணர்வும் குறைந்ததும் அப்படிப்பட்ட செய்திகளே. டகானா எத்தனாவது இடம் என்பதைவிட, ஓர் அரசு கவலைப்பட வேண்டிய செய்திகள் இவை.

2022இல் மாதிரி 11,052 பேராக உயர்ந்தது. மாவட்டத்துக்குச் சராசரியாக ஐந்நூற்றைம்பது பேர். பிழை எல்லை ஐந்து புள்ளியிலிருந்து நான்கு புள்ளியளவுக்குக் குறைகிறது. அதே காலத்தில் படித்த இளைஞர்கள் பெருமளவில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படத் தொடங்கினார்கள். ஏன் புறப்பட்டார்கள் என்பதை, நாட்டுக்குள் இருப்பவர்களை மட்டும் கேட்கும் மாதிரி சொல்லாது. அதற்கு அவர்கள் போன ஊர்களில் தனியே ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும்.