நம்ம மொழி: கோர்லாய் கிராமத்தில் கற்ற பாடம்

மும்பைத் தமிழர்களான நாம் அலிபாக் போனால் கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். நான் பேத்தியை அழைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தெற்கே போனேன். ரேவ்தண்டாவில் இடிந்த கோட்டை மதில்கள். பாலத்தில் குண்டலிகா ஆற்றைக் கடந்தால், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு குன்று. அதன் மேல் ஒரு கோட்டை, அடியில் கோர்லாய் கிராமம்.

ஒரு காலத்தில் பேர்பெற்றிருந்த சௌல் துறைமுகம் இந்த ஆற்று முகத்தில்தான் இருந்தது. போர்ச்சுகீசியர் 1521இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1594இல் அகமதுநகர் சுல்தானின் படையிடமிருந்து கோர்லாய்க் குன்றையும் பிடித்தார்கள். 1739இல் வசாய்க் கோட்டை மராட்டியரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டே சௌலும் கோர்லாயும் கைவிட்டுப் போயின.

ஆண்டவர்கள் போனார்கள், மொழி போகவில்லை. கோர்லாயின் கத்தோலிக்கக் குடும்பங்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர், போர்ச்சுகீசியத்திலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழியை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். அதை அவர்கள் அழைக்கும் பெயர் 'நோ லிங்'. அதாவது, நம்ம மொழி!

சந்தைக்குப் போனால் மராத்திதான். ஆனாலும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த மொழி அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் உயிரோடு இருக்கிறது. சொற்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசியம். வாக்கிய அமைப்போ மராத்தியைப் போல, ஏன், நம் தமிழைப் போலவும்தான்: வினைச்சொல் கடைசியில் வருகிறது.

திரும்பும் வழியில் பேத்தி, "போர்ச்சுகீஸ்ல நமக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதே, தாத்தா?" என்றாள்.

"ஏன் தெரியாது? ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவங்க மொழியிலேர்ந்து வந்ததுதானே!" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்போ நான் தமிழ்ல மராத்தி கலந்து பேசினா மட்டும் ஏன் திட்டறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. நான் திட்டத் திட்ட, அவள் என்னிடம் தமிழ் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கோர்லாய்க்காரர்கள் கலப்புக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மொழி என்றோ மறைந்திருக்கும்.

இப்போதெல்லாம் திட்டுவதில்லை. பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். நம் வீட்டுக் குழந்தைகள் முதலில் பேசட்டும். பேசுகிறவரைதான் அது நம்ம மொழி.