பத்திரம் யார் பெயரில்

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டனில், கிழக்கு 67-ஆவது தெருவின் நடுப்பகுதியில், 1930-இல் எழுந்த ஒரு தாழ்வான கட்டடத்தில் ரத்த மையம் இயங்கிவந்தது. அதை இடித்து 334 அடி உயரத்துக்கு ஆய்வகக் கோபுரம் கட்டும் திட்டம் 2020-இல் வெளியானதும் சுற்றுவட்டாரமே கொதித்தது. அப்பகுதியின் குறுக்குத் தெருக்களில் நடுவே அமையும் கட்டடங்கள் 75 அடிக்கு மேல் போகக்கூடாது என்று 1985 முதல் விதி உண்டு. எதிரே புனித கேத்தரீன் பூங்கா. பள்ளி விட்டுப் பிள்ளைகள் விளையாட வரும் மாலை வேளையில் கோபுரத்தின் நிழல் அதன்மேல் விழும் என்பதே எதிர்ப்பாளர்களின் முதன்மையான வாதம். உயரத்தைக் குறைத்து 2021 நவம்பரில் மாநகர மன்றம் ஒப்புதல் தந்தது. இந்த 67-ஆவது தெரு ஒரு காலத்தில் ‘சின்ன பொஹீமியா’ என்று அழைக்கப்பட்ட செக் மக்களின் குடியிருப்பைச் சேர்ந்தது. 65-ஆவது தெருவிலிருந்து 75-ஆவது தெரு வரை, கிழக்காற்றை ஒட்டிய இந்தச் சிறு நிலப்பரப்பில் பல்லாயிரம் செக் குடும்பங்கள் வாழ்ந்தன. இன்று அவர்களுடைய அடையாளமாக அங்கே எஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில கட்டடங்கள். அவை ஏன் எஞ்சின, மற்றவை ஏன் போயின என்று தேடினால் கட்டடக் கலையின் அழகிலோ உயர வரம்பிலோ விடை கிடைப்பதில்லை. நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பதில்தான் அந்த விடை பெரும்பாலும் இருக்கிறது.

இந்த மக்களின் தொழிலிலிருந்தே தொடங்க வேண்டும். செக் மக்களின் தாயகமான பொஹீமியாவில், குட்னா ஹோரா நகரை ஒட்டிய செட்லெக்கில், மூடப்பட்ட ஒரு பழைய துறவி மடம் 1812-இல் புகையிலைத் தொழிற்சாலையாக மாறியது. ஆஸ்திரியப் பேரரசின் அரசு ஏகபோகம் அது. அங்கே சுருட்டுச் சுற்றியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1866-இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போர் பொஹீமிய மண்ணை மிதித்துச் சென்ற பிறகு அந்தப் பெண்களில் பலர் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்கள். ஆண் முதலில் போய் வேலை தேடி, பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்வது புலம்பெயர்வின் வழக்கம். இங்கே அது தலைகீழாக நடந்தது. கைத்தொழில் தெரிந்த மனைவி முன்னால் வந்து சம்பாதித்துக் கணவனை வரவழைத்தாள், வந்தவனுக்குச் சுருட்டுச் சுற்றவும் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் வேலை செய்த இடம் தொழிற்சாலை அல்ல, குடியிருந்த அறை. சுருட்டு முதலாளியே அடுக்குக் குடியிருப்புகளை வாங்கி, அறைகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டு, அங்கேயே புகையிலையைக் கொடுத்து, சுற்றிய சுருட்டை எண்ணி வாங்கிக்கொண்டான். வேலை தருகிறவனும் வீடு தருகிறவனும் ஒருவனே. சமைத்ததும் குழந்தை உறங்கியதும் புகையிலை உலர்ந்ததும் அதே அறையில்தான். ஜேக்கப் ரீஸ் 1890-இல் நகரின் ஏழை வீடுகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் இவர்களுக்காகத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் 1877-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க்கின் சுருட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். செக் பெண்களும் முன்வரிசையில் நின்றார்கள். முதலாளிகள் வேலையைப் பறித்ததோடு நிற்கவில்லை, குடும்பங்களை வீட்டைவிட்டும் வெளியேற்றினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் போராட்டம் ஒடுங்கிப்போனது. சில ஆண்டுகள் கழித்து, அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இளம் தியோடர் ரூஸ்வெல்ட், தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸுடன் இந்த அறைகளைப் போய்ப் பார்த்தார். பொருளாதாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று நம்பி வளர்ந்தவர் அவர். ஆங்கிலம் தெரியாத பொஹீமியக் குடும்பங்கள் புகையிலைக் குவியலுக்கு நடுவே உண்டு உறங்குவதைக் கண்டபின், வீட்டில் சுருட்டுச் சுற்றுவதைத் தடைசெய்யும் சட்டத்தை ஆதரித்தார். சட்டம் நிறைவேறியது. 1885-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. தன் வீட்டில் தன் தொழிலைச் செய்யும் உரிமையில் அரசு கை வைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்க உழைப்புச் சட்ட வரலாற்றில் பலரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. இந்த முறையை இயக்கிய பணம் ‘வீடு’ என்ற சொல்லுக்கு அங்கே வேறொரு பொருளைத் தந்திருந்தது என்பதை நீதிபதிகள் கருதவில்லை. முதலாளிக்குச் சொந்தமான குடியிருப்பில் வேலைக்கும் கூரைக்கும் சேர்த்தே கைகட்டி நின்ற ஒருவருக்கு அந்த வீட்டுரிமை என்ன காவல் தந்திருக்க முடியும்?

இதற்கு அடுத்த பத்தாண்டில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். சுருட்டுத் தொழில் நகரின் வடக்கே நகர, செக் மக்களும் தென்கோடியிலிருந்து 70-ஆவது தெருக்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த சில ஆண்டுகளிலேயே, வாரக்கூலியில் மிச்சம் பிடித்த காசைச் சேர்த்து நிலம் வாங்கத் தொடங்கினார்கள், தனிமனிதர்களாக அல்ல, சங்கங்களாக. 1862-இல் பிராகாவில் பிறந்த சோகோல் என்ற உடற்பயிற்சி இயக்கத்தின் நியூயார்க் கிளை 1867-இல் தோன்றியிருந்தது. அது 1896-இல் 71-ஆவது தெருவில் தனக்கென ஒரு கூடத்தைக் கட்டியது. பல சிறு உதவிச் சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்த பொஹீமிய அறநல இலக்கியக் கழகம் 73-ஆவது தெருவில் தேசியக் கூடத்தை எழுப்பியது. 1895-இல் தொடங்கிய வேலை இரண்டே ஆண்டில் முடிந்தது. நாடக மேடையாகவும் நடன அரங்காகவும் பயன்பட்ட பெரிய மண்டபம், உணவகம், பந்துருட்டும் தளம், பிள்ளைகளுக்குச் செக் மொழி வகுப்பு, சங்கங்கள் கூடும் அறைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. வேலைநிறுத்தம் என்றாலே பெட்டி படுக்கை தெருவுக்கு வரும் என்று கண்ட ஒரு சமூகம், எவனும் வெளியேற்ற முடியாத ஓர் இடத்தைத் தனக்கென வாங்கிக்கொண்டது என்றே இதை நான் படிக்கிறேன். அந்தக் கூடங்களை மறுமலர்ச்சிக் கால பாணி முகப்புக்காக மட்டும் புகழ்கிறவர்கள் அவற்றின் முக்கியமான அம்சத்தைத் தவறவிடுகிறார்கள்.

வானளாவிகள் இந்தப் பகுதிக்குள் வந்த வழியும் தெளிவானது. மூன்றாம் அவென்யூவின் தலைக்கு மேலே இரைந்தபடி ஓடிக்கொண்டிருந்த உயர்பாதை ரயில் 1955 மே மாதத்தில் நின்றது. இரும்புத் தூண்கள் அகன்றதும் தெருவில் வெயில் விழுந்தது, நிலத்தின் விலை ஏறியது, வாடகைக் குடியிருப்புகள் இடிபட்டு உயரமான அடுக்குமாடிகள் எழுந்தன. வாடகைக்கு இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கச் சட்டமும் சொல்லவில்லை. செக் மக்கள் கலைந்ததற்குக் கோபுரங்கள் மட்டும் காரணமா என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. 1909-இல் குவீன்ஸ்பரோ பாலம் திறந்ததும் பலர் ஆற்றைக் கடந்து அஸ்டோரியாவில் சற்று விசாலமான வீடுகளைத் தேடிப் போனார்கள். 1924-இன் குடியேற்றச் சட்டம் புதியவர்களின் வரவை வெகுவாகக் குறைத்தது. பிள்ளைகள் படித்தார்கள், சுருட்டைவிட்டு அகன்றார்கள். இவையெல்லாம் கோபுரங்களுக்கு முன்பே நடந்தவை. ஆனால் கலைந்துபோகிற மக்களுக்குத்தான் கூடிவர ஓர் இடம் அதிகம் தேவைப்படுகிறது. 1948-இல் தாயகத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபோதும், 1968-இல் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்தபோதும் புறப்பட்டு வந்த அகதிகளுக்கு, தம் மொழி கேட்கும் ஒரு மண்டபம் அங்கே காத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வாடகை அறைகளால் அப்படிக் காத்திருக்க முடியவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நகரத்துக்கு வீடு வேண்டும், ஆய்வகம் வேண்டும், மருத்துவமனை வேண்டும். பாரம்பரியம் என்ற பெயரில் உயரத்தைத் தடுப்பது, ஏற்கெனவே அங்கே வசிக்கும் வசதியானவர்கள் தங்கள் சன்னல் காட்சியைக் காத்துக்கொள்ளும் வழி என்பார்கள். இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. பழைய சுருட்டுக் குடியிருப்புகள் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகள், அவற்றை இழந்ததற்காக யாரும் அழ வேண்டியதில்லை. 75 அடி விதி அந்தத் தெருக்களின் செங்கல் முகப்புகளைக் காத்தது. ஒரு செக் குடும்பத்தையாவது அது அங்கே தங்கவைத்ததாகச் சொல்ல முடியாது. சிகாகோவின் பில்ஸன் பகுதி இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பெயரே பொஹீமிய நகரமான பில்ஸனிலிருந்து வந்தது. செக் மக்கள் கட்டிய தெருக்களில் கடந்த அறுபது ஆண்டுகளாக மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்கிறார்கள். அந்தக் கட்டடங்களைப் பெருந்தொகையாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க மாநகராட்சி முனைந்தபோது, பழுதுபார்ப்புச் செலவையும் ஏறப்போகும் வாடகையையும் எண்ணி அங்கே வாழ்பவர்களே எதிர்த்தார்கள். 2020 இறுதியில் திட்டம் தோற்றது. முகப்பை மட்டும் காக்கும் சட்டத்தை அவர்கள் நம்பாததில் நான் குறை காணவில்லை.

அப்படியானால் சொந்தப் பத்திரம் இருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் இதே தெருக்கள் சான்று. 74-ஆவது தெருவில் செக் புராட்டஸ்டண்டுகள் 1888-இல் கட்டிய யான் ஹுஸ் தேவாலயம் அவர்களுக்கே சொந்தமாக இருந்தது. ஆனாலும் அண்மையில் விற்பனையாயிற்று. வாங்கியது பக்கத்திலிருந்த இன்னொரு திருச்சபை. அந்தச் சபை தன் பழைய இடத்தை மருத்துவக் கல்லூரிக்கு விற்றுவிட்டு வந்தது, அங்கே மாணவர் விடுதிக் கோபுரம் எழுந்தது. ஒரு கோபுரத்துக்கான பணம் இப்படித் தெருத் தெருவாகச் சுற்றி வந்து தன்னோடு தொடர்பே இல்லாத, செக் மக்கள் தொடங்கிய ஒரு சபையை இடம் மாற்றியது. தேசியக் கூடமும் நெடுங்காலம் பிழைத்தது வாடகைக்கு விட்டுத்தான். 1970-இல் தொடங்கிய மன்ஹாட்டன் தியேட்டர் கிளப் என்ற நாடகக் குழு பதினாலு ஆண்டு அங்கேயே இயங்கியது. பிறகு கூரை ஒழுகி, மாடிகள் பாழடைந்தன. 1994-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்ததால் ஒழுகல் நிற்கவில்லை. 2001-இல் செக் குடியரசு ஒரு டாலருக்கு அதை வாங்கி, புதுப்பித்து, 2008-இல் திறந்தது. துணைத் தூதரகமும் பண்பாட்டு மையமும் வந்தன, பழைய கழகத்துக்கும் உள்ளே இடம் ஒதுக்கப்பட்டது. கடல் கடந்து ஓர் அரசு கைகொடுக்கும் பேறு எல்லாக் குடியேறிகளுக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் விற்பதா, யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அந்தக் கழகத்துக்கு இருந்தது. பத்திரம் கையில் இருந்ததால்தான் இருந்தது. இடிக்க வந்தவனிடம் பேரம் பேசக்கூட வாடகைக்காரர்களுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே கோபுரத் திட்டம் ஒன்று வரும்போது எத்தனை அடி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: தரைத்தளத்தில் அக்கம்பக்கத்துச் சங்கத்துக்கு ஓர் அறை விற்பனைப் பத்திரத்தோடு எழுதித் தரப்படுகிறதா? முப்பது ஆண்டுக் குத்தகை வேண்டாம், மலிவு வாடகை வாக்குறுதியும் வேண்டாம், இரண்டும் காலாவதியாகும். சோகோல் கூடம் 71-ஆவது தெருவில் பெரிய மருத்துவமனைகளுக்கு நடுவே இன்றும் அதே சங்கத்தின் சொத்து. உள்ளே குட்டிக்கரணம் போடும் பிள்ளைகளில் செக் வம்சாவளியினர் சிலரே, மற்றவர்கள் அந்தத் தெருக்களில் இன்று வாழும் எல்லா நாட்டவரின் குழந்தைகள். அவர்கள் கட்டும் பயிற்சிக் கட்டணம்தான் கூரையைத் தாங்குகிறது. ஆற்றுக்கு அப்பால் அஸ்டோரியாவில் 1892-இல் தோன்றிய செக் நலச் சங்கம் 1910-இல் கட்டிய கூடத்தையும், அதை ஒட்டிய பியர் தோட்டத்தையும் இன்னும் வைத்திருக்கிறது. கோடை மாலைகளில் மரங்களுக்கடியில் நீண்ட மேசைகளில் ஊரே வந்து உட்கார்கிறது. அந்த வருமானத்தில் மொழி வகுப்பு நடக்கிறது.