ஜாவாஸ்கிரிப்ட் மடக்குகளின் வேகம்: ஒரு வரலாறு

ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பு நிரலாக்கத்தில் மடக்கு எனப்படுகிறது. வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் 1000 பாத்திகளின் விளைச்சலைக் கூட்டி வலைப்பக்கத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டலை ஜாவாஸ்கிரிப்டில் ஐந்தாறு விதமாக எழுதலாம். கூட்டுத்தொகை ஒன்றுதான்; ஆனால் எந்த விதம் விரைவானது என்பதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியை உருவாக்கினார். தொடக்க காலத்து உலாவிகள் நிரலை முழுமையாக இயந்திர மொழிக்கு மாற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கட்டளையாகப் பொருள்கொண்டு இயக்கின. (முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் பைத்தான் மொழியின் மீது அமர்ந்து இவ்வாறே இயங்குவது.) இந்நிலையில் ஒரு சுற்றில் ஒரு செயலைக் குறைத்தாலும் பலன் தெரிந்தது. ஆகவே ‘ஃபார்’ மடக்கில் அணியின் நீளத்தை முன்கூட்டியே ஒரு மாறியில் வைத்துக்கொள்வதும், ‘வைல்’ மடக்கில் கடைசி உறுப்பிலிருந்து பூச்சியம் நோக்கி இறங்குவதும் நிரலர்களிடையே பரவின. முதல் உத்திக்கு வேறொரு வலுவான காரணமும் இருந்தது. பக்கத்தின் உறுப்புகளைத் தரும் சில பட்டியல்கள் பக்கம் மாறும்போதெல்லாம் தாமும் மாறுபவை. அவற்றின் நீளத்தைக் கேட்பது சாதாரண அணியின் நீளத்தைக் கேட்பதைவிடச் செலவு மிக்கது.

‘ஃபார்-இன்’ மடக்கு இக்காலத்தில் கெட்ட பெயர் வாங்கியது. பொருள்களின் பண்புப் பெயர்களுக்காக ஏற்பட்ட அதை அணிகளுக்குப் பயன்படுத்தினால் 0, 1, 2 என்னும் சுட்டெண்கள் எழுத்துச் சரங்களாக வரும்; மரபுவழிப் பண்புகளும் கூடவே வரும். மெதுவாக இயங்கியதைவிட விடையே தவறிப்போனதுதான் பெரிய தொல்லை.

2008 செப்டம்பரில் கூகுள் குரோம் உலாவியுடன் வி8 இயந்திரம் வெளிவந்தது. 2009 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3.5இல் டிரேஸ்மங்கி இடம்பெற்றது. அடிக்கடி சுழலும் மடக்குகளைக் கண்டுபிடித்து, அவற்றின் பாதையை மட்டும் இயந்திர மொழியாக மாற்றுவது இதன் வேலை. பின்னர் இது கைவிடப்பட்டாலும், சூடான மடக்கை ஓடும்போதே மொழிபெயர்ப்பது எல்லா உலாவிகளுக்கும் பொதுவாயிற்று. சாதாரண அணியின் நீளத்தைச் சேமித்துவைக்கும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரமே பார்த்துக்கொண்டது. பழைய அறிவுரையோ தொடர்ந்து சொல்லப்பட்டது.

2009 டிசம்பரில் ஐந்தாம் பதிப்புத் தரம் ‘ஃபார்-ஈச்’ செயற்கூற்றைத் தந்தது. உறுப்புக்கு ஒருமுறை செயற்கூற்றை அழைப்பதால் இது நெடுநாள் பின்தங்கியது. இடையில் நிறுத்தவும் வழியில்லை. 2015இல் வந்த ‘ஃபார்-ஆஃப்’ படிக்க எளியது. ஆனால் பழைய உலாவிகளுக்காக அதை மாற்றித் தந்த கருவிகள் பிழை பிடிக்கும் கட்டளைகளையும் சேர்த்து நீளமான நிரலாக்கின. அன்றைய வி8இன் கிராங்க்ஷாஃப்ட் அத்தகைய செயற்கூறுகளை மேம்படுத்தாமல் விட்டது. 2017இல் டர்போஃபேன் அதன் இடத்துக்கு வந்தபின் அந்தத் தடை நீங்கியது.

அளவீடுகளையும் அப்படியே நம்ப முடியாது. மடக்கின் விடையை யாரும் பயன்படுத்தாவிட்டால், மேம்படுத்தும் இயந்திரம் அதன் வேலையையே நீக்கிவிடலாம். ஓடாத மடக்கே முதலிடம் பெறும். 2018இல் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறை வெளியானதும் உலாவிகள் கடிகாரத்தின் நுண்மையை வேண்டுமென்றே குறைத்தன.

உப்பளக் கணக்கில் கூட்டல் எந்த மடக்கிலும் நொடிப்பொழுதில் முடியும். விலை குறைந்த கைப்பேசி திணறுவது காட்டும் இடத்தில்தான். ஒவ்வொரு பாத்திக்கும் பக்கத்தின் உள்ளடக்கத்தோடு ஒரு வரியை ஒட்டி, முழுவதையும் திரும்ப எழுதினால், உலாவி முந்தைய வரிகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கிறது. 1000 வரிகளுக்கு மொத்தம் 5,00,500 வரிகள் படிக்கப்படும். ‘ஃபார்’ என்றாலும் ‘ஃபார்-ஆஃப்’ என்றாலும் இந்த எண் மாறாது. வரிகளைச் சேர்த்துவைத்து இறுதியில் ஒரேயொரு முறை எழுதினால் படிக்கப்படுபவை 1000 வரிகளே.