இப்னு நபீஸும் இருதயத்துச் சுவரும்

மீலாத் மேடைகளிலும் பாடசாலை விழாக்களிலும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிச்சது ஹார்வி இல்ல, எங்கட இப்னு நபீஸ்தான். வெள்ளைக்காரன் களவெடுத்திட்டான்." சபையில் தக்பீர் முழங்கும்; அதோடு விஷயம் முடிந்துவிடும். இந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதியை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. அறிவியலின் நெடும் வரலாற்றில் இந்த ஒரு சங்கதியை மட்டும் எடுத்து, ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

பழைய கிரேக்கர்களுக்கு இரத்தம் பெரிய புதிராக இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரசிஸ்திராத்தஸ், நாடிகளுக்குள் ஓடுவது காற்று என்று நினைத்தார். அது காற்றல்ல, இரத்தமே என்று பரிசோதனை செய்து காட்டியவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கேலன். எங்கட கிதாபுகளில் 'ஜாலினூஸ்' என்று வருபவர். ஆனால் அவரும் ஓரிடத்தில் சறுக்கினார். இரத்தம் ஈரலில் உற்பத்தியாகி உடம்பெங்கும் போய்ச் செலவழிந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கு, இருதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவிலுள்ள சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகளூடாகக் கசிந்து இடப்பக்கம் போகிறது என்று எழுதிவைத்தார். அந்தத் துளைகளைக் கண்டவர் எவருமில்லை. இருந்தும் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக வைத்திய உலகம் அதை நம்பியது. 1037இல் வபாத்தான இப்னு சீனாவின் 'அல்கானூன்' கூட இருதய விஷயத்தில் முன்னோர் போட்ட பாதையிலேதான் போனது.

இப்னு நபீஸ் 13ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிறந்தவர். திமிஷ்கில் நூரி மருத்துவமனையில் வைத்தியம் படித்து, பிறகு கெய்ரோவில் குடியேறினார். அவர் வெறும் வைத்தியரல்லர். ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹைக் கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் கற்பித்த ஆலிமும்கூட. நாங்களும் அதே மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். மரண நோயில் மருந்தாக மதுவைக் கொடுத்தபோது, வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார் என அவரது சரிதையை எழுதியோர் கூறுகிறார்கள். ஹிஜ்ரி 687இல், அதாவது கி.பி. 1288இல், வபாத்தானார். வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு விட்டுச்சென்றார்.

ஏறக்குறைய முப்பது வயதில், 1242இல், இப்னு சீனாவின் கானூனிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் ஓர் உரை எழுதினார். அதில்தான் அந்தப் புகழ்பெற்ற இடம் வருகிறது. இருதயத்தின் நடுச்சுவர் தடித்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் வழியும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் இரத்தம் வலமிருந்து இடம் போவது எப்படி? வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, வேறொரு குழாய் வழியாக இடது அறைக்குத் திரும்புகிறது என்பது அவர் பதில். போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் இடையில் நுரையீரலுக்குள் நுண்ணிய தொடர்பு இருக்க வேண்டும் என்றும் எழுதினார். இருதயத்துக்கு ஊட்டம் கொடுப்பது அதன் சதைக்குள் ஓடும் குழாய்களே என்பதும் அவர் சொன்னதுதான்.

உரை எழுதுவது என்றால் முன்னோர் சொன்னதற்கு ஆமாம் போடுவது என்று நினைக்கிறோம். இங்கே உரைகாரர், மதிப்போடு படித்த அதே நூலை மறுக்கிறார். ஷரீஅத்தும் தன் இரக்க சுபாவமும் உடலை அறுத்துப் பார்க்கத் தடையாக இருந்தன என்று முன்னுரையில் எழுதியவரும் அவரே. ஆகவே இதில் எவ்வளவு பார்த்தறிந்தது, எவ்வளவு யோசித்தறிந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இனி அடுத்த பாதி. அவர் கண்டது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையிலான சிறு சுற்று. உடம்பு முழுவதையும் சுற்றிவரும் பெருஞ்சுற்றை அவர் சொல்லவில்லை. ஐரோப்பாவில் சிறு சுற்றை 1553இல் செர்வேத்தஸும் 1559இல் கொலம்போவும் எழுதினார்கள். செர்வேத்தஸை அதே 1553இல் ஜெனீவாவில் மார்க்க விரோதி என்று உயிரோடு எரித்தார்கள். பெருஞ்சுற்றை நிறுவியவர் வில்லியம் ஹார்வி, 1628இல். அவருடைய பெரிய ஆயுதம் கணக்கு. அரை மணி நேரத்தில் இருதயம் வெளியே தள்ளும் இரத்தம் உடம்பிலுள்ள முழு இரத்தத்தையும் விட அதிகம். அவ்வளவையும் ஈரல் புதிதாக உண்டாக்க முடியாது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிவருகிறது. 1661இல் மல்பீகி நுணுக்குக்காட்டியால் தவளையின் நுரையீரலைப் பார்த்து மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். இப்னு நபீஸ் இருக்க வேண்டும் என்று சொன்ன நுண்ணிய தொடர்பு நாலு நூற்றாண்டு கழித்துக் கண்ணில் பட்டது.

களவா இது? திமிஷ்கில் நெடுங்காலம் வாழ்ந்த அல்பாகோ என்ற இத்தாலியர் இப்னு நபீஸின் கானூன் உரையில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 1547இல் அது அச்சானது. ஆனால் அச்சேறியது கூட்டு மருந்துகள் பற்றிய பகுதி. இருதயம் பற்றிய பகுதி ஐரோப்பியர் கைக்குப் போனது என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை. சாட்சியில்லாமல் ஒருவர்மேல் களவுப் பட்டம் கட்ட பிக்ஹு படிப்பித்த இப்னு நபீஸே சம்மதிக்கமாட்டார்.

என் மனதை உறுத்துவது வேறு கேள்வி. எங்கட ஆட்கள் அவரை ஏன் மறந்தார்கள்? கானூனைச் சுருக்கி அவர் எழுதிய 'அல்மூஜஸ்' இந்தியா வரை பாடநூலாக ஓடியது. ஆனால் அந்தச் சுருக்கத்தில் உடற்கூற்றுப் பகுதி இல்லை. படிக்கிறவர்களுக்குச் சுருக்கம் போதுமாக இருந்தது. ஓரிரு உரைகாரர்களைத் தவிர, மூல உரையைத் திறந்து பார்ப்பார் குறைந்துபோனார்கள். கடைசியில் 1924இல், ஜேர்மனிக்கு வைத்தியம் படிக்கப் போன முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்தியர், பேர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 680 வருஷம்! அதுவும் எங்கள் நூலகத்தில் இல்லை, அவர்களுடைய நூலகத்தில்.

களவுபோனது என்று சொல்லும்போது குற்றம் மற்றவன் தலையில் விழுகிறது. எங்களுக்கு வேலை ஒன்றுமில்லாமல் போகிறது. வாசிக்காமல் விட்டோம் என்று ஒத்துக்கொண்டால் வேலை வந்து சேரும். எங்கட பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதிய ஏடுகள் கறையானுக்கு மிஞ்சிக் கிடக்கின்றன. அவற்றில் இன்னொரு இப்னு நபீஸ் இருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. என்ன இருக்கிறது என்று பார்த்துப் பட்டியல் போட அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பத்து இளைஞர்களாவது வேண்டும். அடுத்த மீலாத் விழாவில் அதற்குப் பெயர் கேட்டால், எத்தனை கை உயரும்?